ஊருக்கு ஒரு வாய்

பேசப் போகிற நாளில் நான் தயிர் சேர்த்துக்கொள்வதில்லை. தொண்டை கட்டிவிடும். மிளகு ரசமும் சுட்ட அப்பளமும் போதும். நடந்ததை ஆரம்பத்திலிருந்து சொல்லும்படி மாஜிஸ்திரேட் அவர்கள் கேட்டதால் இதைச் சொல்கிறேன். ஆரம்பம் என்று பார்த்தால் என் தொண்டைதான்.

என் பெயர் மெய்யநாதன். அண்ணன்மார் இருவரும் ரங்கூனுக்குக் கொண்டுவிற்கப் போனார்கள். எனக்கு வியாபாரம் வராது, குரல் வரும். இளவயதில் ஒரு கோயில் கூட்டத்தில் எழுந்து எல்லோர் சார்பிலும் நன்றி சொன்னேன். யாருக்கு, எதற்கு என்று எனக்கே தெரியாது. கூட்டம் கைதட்டியது. அன்று முதல் மற்றவர்களுக்காகப் பேசுவதையே வேலையாக வைத்துக்கொண்டேன். ‘சர்வ ஜன ஐக்கிய சங்கம்’ நான் ஏற்படுத்தியதுதான். அங்கத்தினர் அதிகம் இல்லை. ஐக்கியத்துக்கு அது சௌகரியம்.

அது எப்படிப்பட்ட காலம் என்பது தங்களுக்குத் தெரியும். சீமையில் வட்டமாக மேசை போட்டு உட்கார்ந்தார்கள். இங்கிருந்து கப்பலேறிப் போன ஒவ்வொருவரும் தேசம் முழுவதற்கும் தாமே வாய் என்றார்கள். பத்திரிகையைப் பிரித்தால், முப்பத்தைந்து கோடி ஜனங்களும் ஒரே சமயத்தில் ஏழெட்டு வாயால் ஒன்றுக்கொன்று மாறாகப் பேசிக்கொண்டிருப்பதாகத் தெரிந்தது. நான் பேராசைக்காரன் அல்ல. ஒரு ஊர் போதும் என்றுதான் இருந்தேன்.

அந்தச் சித்திரையில் ஜில்லா போர்டில் ஒரு நியமன ஸ்தானம் காலியாயிற்று. எல்லா வகுப்பாருக்கும் பொதுவாகப் பேசக்கூடிய ஒருவரைத் தேடிக் கலெக்டர் துரை ஊர் ஊராக வருவதாகச் செய்தி. எங்கள் ஊருக்கு வரும் நாளும் குறித்தாயிற்று.

இங்கே எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். அதிகாரி முன்னால் ஆளுக்கு ஆள் பேசினால் ஊருக்கு மரியாதை இல்லை என்பது எங்கள் எண்ணம். ஆகவே, பேசப் போகிறவனுக்கு ஒவ்வொரு தெருவும் ஒரு வெற்றிலை கொடுக்கும். இதற்கு ‘வாய் கொடுப்பது’ என்று பெயர். கொடுத்த தெருவின் வாய், கூட்டம் கலையும்வரை வாங்கியவனிடம் இருக்கும். கொடுத்தவர்கள் நடுவில் ஒரு வார்த்தை பேசக் கூடாது. ஒரு தெரு கொடுக்காவிட்டாலும், அவன் ஊருக்காகப் பேசுகிறேன் என்று சொல்லிக்கொள்ள முடியாது. சேரியின் வெற்றிலையைக் கையில் வாங்குவதில்லை. அவர்கள் தரையில் வைப்பார்கள். தண்ணீர் தெளித்து எடுத்துக்கொள்ள வேண்டும். நான் சீர்திருத்தக்காரன். தண்ணீர் தெளிக்காமலே எடுப்பது என்று தீர்மானித்திருந்தேன். அதைப் பற்றிப் பத்திரிகைக்குச் செய்தியும் எழுதி வைத்திருந்தேன்.

நாட்டார் தெருவில் வீரணன் அம்பலம்தான் தலைவர். வெற்றிலையை நீட்டும்போதே நிபந்தனையும் நீட்டினார்.

“எங்க வாய முழுசா எடுத்துக்கங்க செட்டியாரே. ரோட்டப் பத்திப் பேசுங்க, பள்ளிக்கூடத்தப் பத்திப் பேசுங்க, தொரையோட சம்சாரம் சொகமான்னுகூட விசாரிங்க. ஊருணியப் பத்தி மட்டும் பேச்ச எடுத்தீகன்னா வெத்தலையத் திருப்பி வாங்கிருவேன். வாங்கும்போது கையும் சேந்து வந்துச்சுன்னா என்னையச் சொல்லக் கூடாது.”

சாயபுமார் தெருவில் ஜவுளிக்கடை அசன் முகம்மது கொடுத்தார். “எங்களுக்கும் நீங்கதானா? நல்லதாப் போச்சு. அப்படியே வெள்ளிக்கிழமை எங்களுக்குப் பதிலா நீங்களே போய்த் தொழுதுட்டு வந்துட்டீகன்னா, கடைய அடைக்காம யாவாரம் பாப்போம்” என்றார். கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டு கொடுத்தாலும் வெற்றிலை வெற்றிலைதான்.

சேரி மட்டும் பாக்கி.

சேரிக்கு ஊருணியில் இறங்க உரிமை கிடையாது. பெண்கள் படிக்கு வெளியே குடத்தை வைத்துக்கொண்டு நிற்பார்கள். யாராவது மனம் வைத்து மொண்டு ஊற்றினால் உண்டு. அந்தக் கோடையில் ஊருணி பாதிக்குக் கீழே இறங்கியதும் ஊற்றுகிறவர்கள் நின்றுவிட்டார்கள். கண்மாய்க்குள் அவர்கள் தோண்டிய ஊற்றில் சேறுதான் வந்தது. அதைக் குடித்துச் சேரியில் பாதிப்பேருக்கு வயிற்றுப்போக்கு. செம்மலை என்பவரின் சின்னப் பெண் பங்குனியில் இறந்துவிட்டாள். அந்தச் செம்மலைதான் சேரியின் வெற்றிலையைத் தர வேண்டியவர். ‘அவர்’ என்று சொல்வதைக் கவனித்திருப்பீர்கள். மேடையில் எப்போதும் அப்படித்தான் சொல்வேன். நேரில் வழக்கம்போல.

அவர் என் வீட்டுக் கொல்லைப்புறம் வந்து நின்றார். துண்டு இடுப்பில் இருந்தது. குரல் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை.

“வெத்தல தர்றதுக்கில்லீங்கய்யா. நாங்க பேசப் போறது ரெம்ப இல்ல. தொர முன்னாடி நின்னு ‘தண்ணி’ன்னு ஒரு வார்த்த சொல்லுவேன். அதுக்கு எதுக்கு எரவல் வாயி?”

“அதை நான் சொல்ல மாட்டேனா? குடிநீர் வசதி குறித்தும் சர்க்கார் ஆலோசிக்க வேண்டும்னு கடைசியில ஒரு வரி போட்டுருக்கேன்” என்றேன்.

“நீங்க ஆலோசிப்பீகய்யா. தாகம் எங்களுக்குல்ல எடுக்குது.”

அவர் போன பிறகு நான் நிதானமாக யோசித்தேன். செம்மலை வாய் திறந்தால் அம்பலம் வெற்றிலையைத் திருப்பி வாங்குவார். அதோடு நிற்க மாட்டார். சேரியில் கூரைகள் எல்லாம் பனையோலை. அது கோடைகாலம். ஒரு மனிதன் ஒரு பொழுது பேசாமல் இருந்தால் இத்தனை பேருக்கும் க்ஷேமம். இந்தக் கணக்கில் பிழை இருந்தால் தாங்கள் சொல்லலாம்.

என் சிற்றப்பா மகள் மீனாள் ஆச்சி குடும்பத்தோடு ரங்கூனில் இருந்தாள். அவள் வீடு எங்கள் தெருவில் பூட்டிக் கிடந்தது. சாவி என் பொறுப்பு. கலெக்டர் வரும் நாள் காலையில் செம்மலையை அந்த வீட்டுக்கு வரச் சொன்னேன். முன்வாசல் வழியாக. இதை அழுத்திச் சொல்கிறேன். எங்கள் தெருவில் அந்த வகுப்பைச் சேர்ந்த ஒருவரை முகப்பு வழியாக உள்ளே அழைத்த முதல் ஆள் நான்தான். எதிர்வீட்டுக்காரர்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவருடைய கால் வாசற்படியில் இரண்டு தடவை பின்வாங்கியது. “வாங்க” என்றேன். நாலு பேருக்குக் கேட்கும்படியாகவே சொன்னேன்.

உள்ளே பெல்ஜியம் கண்ணாடி ஒன்று ஆள் உயரத்துக்கு இருக்கிறது. அதன் முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டார். “நானா இது, இம்புட்டு எளச்சிருக்கேன்” என்றார். அவரும் பேதியில் கிடந்து எழுந்தவர்தான்.

“அம்பலம் ஆளுக உன்னையத் தேடுறாங்க. தொர வர்ற வரைக்கும் இந்தச் சாமான் அறைக்குள்ள இரு. வந்ததும் பின்பக்கமா நானே கூட்டிக்கிட்டுப் போறேன்” என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். “பேச விடுவீகளாய்யா?”

“நீ பேச வேண்டியது பேசப்படும்” என்றேன். நான் பொய் சொல்கிறவன் அல்ல.

அவராகவே உள்ளே போனார். தள்ளவில்லை, பிடித்து இழுக்கவில்லை. தேக்குக் கதவு, உள்பக்கம் இரும்புத் தகடு. ஜன்னல் கிடையாது. பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன்.

அந்த வீட்டைக் கூட்டிப் பெருக்கும் மாயக்கண்ணன் வந்து ஒரு சந்தேகம் கேட்டான்.

“அய்யா, உள்ள இருக்கவனுக்குத் தண்ணி எதுல குடுக்க? இங்க இருக்கதெல்லாம் ஆச்சியோட செம்பும் லோட்டாவும். செரட்டை ஒண்ணுகூட இல்ல.”

அவன் அப்படிக் கேட்டது எனக்குத் தர்மசங்கடமாக இருந்தது. மாசி மாதம் தேவகோட்டையில் சமபந்தி போஜனத்தை ஆதரித்து நெடுநேரம் பேசியவன் நான். ஆனால் பேசியது என் வாய், செம்பு ஆச்சியுடையது. பிறர் பொருளில் சீர்திருத்தம் செய்வது முறையல்ல. அவள் ஊருக்குத் திரும்பி வந்து கேட்டால் என்ன சொல்வது?

“தொர வந்துட்டுப் போகட்டும். பாப்போம்” என்றேன்.

துரை வரவில்லை. கல்லலுக்கு அப்பால் மோட்டாரின் அச்சு முறிந்துவிட்டதாக ஒரு சேவகன் சைக்கிளில் வந்து சொன்னான். மாவிலைத் தோரணம் வாடிற்று. நாயனக்காரர் கூலி கேட்டார். நாளைக்கு வருவார் என்றார்கள். மறுநாளும் வரவில்லை, அதற்கு மறுநாள் என்றார்கள்.

முதல் நாளே செம்மலையை ஏன் வெளியே விடவில்லை என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். விட்டிருந்தால் மறுபடி உள்ளே வந்திருப்பாரா? ஒரே ஆளை இரண்டு தடவை முன்வாசல் வழியாக அழைக்க முடியாது.

இரண்டாம் நாள் வெயில் ஏறும் நேரத்தில் அவர் பெண்சாதி நாகவல்லி வந்தாள். தெருவுக்குள் வரக் கூடாதவள், ஆச்சி வீட்டு வாசலுக்கு நேராக வந்து நின்றாள். தலையில் ஒரு மண்கலயம், கையில் ஒரு வாடிய வெற்றிலை. எங்கே கேட்டு வாங்கினாளோ.

“அய்யா, முன்வாசல் வழியா அவுக உள்ள போனத ஊரே பாத்துச்சு. வெளிய வந்ததத்தான் யாரும் பாக்கல.”

“நெற்குப்பைக்கு ஒரு சோலியா அனுப்பியிருக்கேன்.”

“நடந்து நாலடி போனா ஒக்காந்துக்கிற ஆளு, நெற்குப்பைக்குப் போயிருக்காரா.” அவள் கத்தவில்லை. கத்தினால் கதவு இன்னும் இறுகிவிடும் என்று பயந்தவள் மாதிரி மெதுவாகப் பேசினாள். “இந்தாங்க வெத்தல. எங்க தெரு வாய நீங்களே வச்சுக்கங்க. நான் பேசல. எங்காளுக யாரும் பேசல. தொர எங்கிட்டயே வந்து கேட்டாலும் பேசல. எம்புள்ள மேல ஆணை. அவுகள மட்டும் விட்டுருங்க.”

“சாயங்காலத்துக்குள்ள வந்துருவான்.”

“வெளிய விட நேரமாகும்னா இந்தத் தண்ணியவாச்சும் குடுங்கய்யா. ஊத்துல விடியங்காட்டியும் ஒக்காந்து தெளிய வச்சு மொண்டது. கலயம் எங்க கலயந்தான். ஒங்க பாத்திரம் எதையும் தொட வேணாம்.”

வெற்றிலையைத் தரையில் வைத்தாள். தண்ணீர் தெளிக்காமலே எடுத்துக்கொண்டேன். அந்த நேரத்தில் பார்க்கப் பத்திரிகைக்காரர்கள் யாரும் இல்லை. கலயத்தையும் வாசற்படியில் வைத்துவிட்டு, தெருமுனைக்குப் போய் வெயிலில் நின்றாள்.

மாயக்கண்ணனைக் கூப்பிட்டு அதை உள்ளே கொண்டுபோகச் சொன்னேன். “நான் தொட மாட்டேன்யா. எம்பொஞ்சாதி வீட்டுக்குள்ள சேக்க மாட்டா” என்றான். அவன் பக்கத்திலும் நியாயம் இருந்தது. நானே எடுக்கலாம் என்று குனிந்தேன். தெருக்கோடியில் அம்பலத்தின் ஆட்கள் மூன்று நான்கு பேர் வண்டி நிழலில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சேரிக் கலயத்தைச் சுமந்துகொண்டு நான் முகப்பைக் கடப்பதை அவர்கள் பார்த்தால், நாட்டார் தெரு வெற்றிலை அன்றே போய்விடும். அப்போதுதான் எல்லாத் தெருவின் வாயும் என் கைக்கு வந்திருந்தது. ஒரு தெருவை வாங்கிக்கொண்டு இன்னொரு தெருவை இழப்பது ஐக்கியம் ஆகாது. நான் நிமிர்ந்துவிட்டேன். குனிந்ததற்குக் காரணம் வேண்டுமே என்று செருப்பைச் சரிசெய்துகொண்டேன்.

யாரும் பார்க்காத சமயத்தில் என் வீட்டுச் செம்பிலாவது தண்ணீர் கொண்டுபோயிருக்கலாமே என்றும் இன்ஸ்பெக்டர் கேட்டார். நல்ல கேள்வி. அதற்குக் கதவைத் திறக்க வேண்டியிருந்தது.

மூன்றாம் நாள் காலையில், துரை கல்லலிலிருந்து புறப்பட்டுவிட்டார் என்று தெரிந்ததும், ஆச்சி வீட்டுக்குப் போனேன். முந்தின நாள்வரை கதவில் தட்டுகிற சத்தம் இருந்ததாக மாயக்கண்ணன் சொன்னான். அன்று இல்லை. கதவோடு காதை வைத்தேன். தரையோடு தரையாக ஒரு குரல். வாயில் துணியை வைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி இருந்தது.

“தண்ணி.”

அந்த விஷயம் கடைசி வரியில் இருக்கிறது என்று அவருக்கு ஆறுதல் சொன்னேன். பிறகு, அவர் சார்பிலும் பேசப் போவதால் அவருக்கும் தெரிந்திருக்கட்டும் என்று, என் பிரசங்கம் முழுவதையும் கதவுக்கு வெளியே நின்று ஒரு தடவை சொல்லிக்காட்டினேன். குரல் நன்றாக இருந்தது. அந்த வீட்டுப் பட்டாலைக் கூடத்தில் கணீரென்று எதிரொலிக்கும். முடித்துவிட்டு, “இதில் ஏதாவது ஆட்சேபம் உண்டா?” என்று கேட்டேன். கொஞ்ச நேரம் காத்திருந்தேன். ஆட்சேபம் இல்லை.

கூட்டம் சிறப்பாக நடந்தது. பந்தலில் ஒரு பக்கம் நாட்டார்கள், ஒரு பக்கம் சாயபுமார்கள், நாற்காலிகளில் எங்கள் வகுப்பார், பந்தலுக்கு வெளியே வெயிலில் சேரி. வெற்றிலைகளைத் தாம்பாளத்தில் அடுக்கித் துரை முன்னால் வைத்தேன். எங்களுக்குள் பிரிவு இல்லை, பேதம் இல்லை, குறையும் இல்லை, பல உடலும் ஒரு குரலும் என்றேன். கடைசி வரி வந்தபோது அம்பலத்தைப் பார்த்தேன். அவர் மீசையைத் தடவிக்கொண்டிருந்தார். நேரமும் ஆகிவிட்டிருந்தது. அந்த வரியை விட்டுவிட்டேன். அது இல்லாமலும் பிரசங்கம் முழுமையாகத்தான் இருந்தது.

துரை நல்ல மனிதர். தாசில்தாரிடம் ஏதோ கேட்டார். தாசில்தார் பந்தலுக்கு வெளியே கையைக் காட்டி, “அந்தப் பொம்பளை எதுக்கு அப்படி நிக்கிதுன்னு துரை கேக்குறாங்க. ஏதாச்சும் சொல்லணுமாம்மா?” என்றார்.

நாகவல்லி முன்னால் வந்திருந்தாள். சாயங்காலத்துக்குள் வருவான் என்று நான் சொன்ன பிறகு ஒரு இரவும் ஒரு காலையும் போயிருந்தன. அவள் வாய் திறந்தது. நான் தாம்பாளத்தில் இருந்த அந்த வாடிய வெற்றிலையை எடுத்து, பேசாமல் பிடித்துக் காட்டினேன். திறந்த வாய் திறந்தபடியே நின்றது. அவள் வாக்குத் தவறினால் நானும் என் வாக்கைத் தவறிவிடுவேன் என்று நினைத்தாள் போலிருக்கிறது. புடவைத் தலைப்பைச் சுருட்டித் தன் வாயில் தானே அடைத்துக்கொண்டாள்.

“நன்றியால் நாத் தழுதழுக்கிறது” என்றேன். தாசில்தார் அதை இங்கிலீஷில் சொன்னார். துரை நெகிழ்ந்துபோய்த் தலையசைத்தார்.

டீ பார்ட்டி முடிந்து மோட்டார் புறப்பட்ட பிறகுதான் கதவைத் திறந்தேன். அதிகம் சொல்வதற்கு இல்லை. எங்கள் வட்டாரத்து வீட்டுச் சுவர்கள் முட்டையும் சுண்ணாம்பும் கலந்து பூசியவை, கோடையிலும் குளிர்ந்திருக்கும். அறையின் கீழ்ச்சுவரில், படுத்திருக்கிற மனிதனின் முகம் எட்டுகிற உயரத்தில், பளபளப்புப் போய்ச் சொரசொரவென்று ஒரு தடம் இருந்தது. நாக்கால் அப்படிச் செய்ய முடியும் என்று நான் நினைத்ததில்லை. வாசற்படியில் கலயம் வைத்த இடத்திலேயே இருந்தது. தண்ணீர் நன்றாகத் தெளிந்திருந்தது.

மாயக்கண்ணன் வாந்தியெடுத்துவிட்டு, அசன் முகம்மது கடைக்கு ஓடி எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். அவர் சிரிக்கவில்லை என்று கேள்வி. கடையை அடைத்துவிட்டு நேராகக் காரைக்குடி ஸ்டேஷனுக்குப் போனார். போலீசார் வருவதற்குள் நான் தெருவில் நின்று ஒரு சிறு இரங்கலுரை நிகழ்த்தினேன். இறந்தவர் ஊர் ஒற்றுமைக்காகத் தம்மையே தந்தவர் என்றேன். கைதட்டல் இல்லை. இரங்கல் கூட்டத்தில் தட்டுவதும் முறையல்ல.

மாஜிஸ்திரேட் அவர்கள் நேராகக் கேட்டதால் நேராகவே சொல்கிறேன். பூட்டியது நான். சாவி மூன்று நாளும் என் இடுப்பில்தான் இருந்தது. பேசும்போது அது உறுத்திக்கொண்டேயிருந்தது. அவர் செத்துவிடுவார் என்று தெரியுமா என்றால், அன்று காலையில் கதவில் காதை வைத்தபோது தெரியும். தெரிந்துதான் பிரசங்கத்தைச் சொல்லிக்காட்டினேன். திறந்திருந்தால் பிழைத்திருப்பார். பிழைத்திருந்தால் பேசியிருப்பார். நான் அவரைக் கொன்றேன். இதில் யாருடைய தூண்டுதலும் இல்லை.

ஒரு விண்ணப்பம் மட்டும் உண்டு. நாகவல்லியைச் சாட்சிக் கூண்டில் ஏற்றப் போவதாகக் கேள்விப்பட்டேன். அது வேண்டாம். அன்றிலிருந்து அவள் யாரோடும் பேசுவதில்லையாம். பழக்கமில்லாதவள், இத்தனை பேர் முன்னால் தடுமாறிப்போவாள். என் மேல் அவளுக்கு என்ன குறை இருக்கும் என்பது எனக்குத் தெரியும். கோர்ட்டார் உத்தரவு கொடுத்தால் அதை அவள் சார்பில் நானே எடுத்துச் சொல்லிவிடுகிறேன். அவளைவிட நன்றாகவே சொல்வேன்.